கஞ்சாப் பழக்கம்: தேகத்திற்கும் குடும்பத்திற்கும் நேரிடும் விளைவுகள்

கிராமத்தில் ஒரு வாலிபன் சில மாதங்களாகத் தனித்து உட்கார்ந்திருப்பதும், தனக்குத்தானே பேசிக்கொள்வதும், உறக்கமின்றி இரவில் தெருவில் திரிவதுமாக இருப்பானாகில், ஊரார் வாயில் முதலில் வரும் சொல் "கஞ்சா" என்பதேயாகும். அவன் அப்பொருளைக் கண்ணாலும் கண்டிராதவனாக இருக்கலாம். அதைப்பற்றி விசாரிப்பவர் அரிது. அதே ஊரில் முப்பது வருஷமாக மாலைதோறும் சிலும்பி பிடித்துவரும் முதியவர் ஒருவர் ஏர் ஓட்டுவதிலும் கடன் கட்டுவதிலும் தவறாமல் இருப்பாரானால், அவரைச் சுட்டிக்காட்டி, "இவருக்கு என்ன கெட்டுப்போயிற்று?" என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. முன்னவர் பேச்சு கஞ்சாவைக் கண்டவுடன் கொல்லும் விஷமாக்கிவிடுகிறது. பின்னவர் பேச்சு அதைக் கீரைக்குச் சமானமாக்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உண்மையான தீங்கு ஒருவர் கண்ணிலும் படாமல் வளர்ந்துவருகிறது. அத்தீங்கு யாருக்கு, எவ்வயதில், எவ்வளவு காலத்தில், எவ்விதமாக நேரிடுகிறது என்பதைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், வைத்தியர் கண்ணுக்குப் படுவதற்கு முன்பே இது சங்கத்தின் கடன் பேரேட்டில் தென்படத் தொடங்குகிறது.

பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடு

இவ்விஷயத்தைப் பற்றிய பெரிய விசாரணை ஒன்று இந்நாட்டில் நூற்றிருபது வருஷங்களுக்கு மேலாக முன்னரே நடந்திருக்கிறது. 1893-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஆங்கிலேயப் பார்லிமெண்டில், இந்திய ஜனங்கள் கஞ்சாவினால் பைத்தியம் பிடித்துக் கெடுகின்றனர் என்ற பேச்சு எழுந்தது. அதன் பயனாக இந்திய சர்க்கார் மாக்வொர்த் யங் என்பவரை அக்கிராசனராகக் கொண்ட கமிஷன் ஒன்றை நியமித்தார்கள். அங்கத்தினர் எழுவருள் மூவர் இந்தியர். கமிஷனார் மாகாணந்தோறும் சென்று 1,193 சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பெற்று, 1894-இல் பல பாகங்கள் கொண்ட ரிப்போர்ட்டை வெளியிட்டனர்.

அவர்கள் செய்த வேலைகளுள் மிகவும் பயனுள்ளது பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளைச் சோதித்ததேயாம். 1892-ஆம் வருஷத்தில் அவ்வாஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அவர்களுள் 222 பேருக்கு நோய் வந்த காரணம் கஞ்சா முதலிய சரக்குகளே என்று எழுதப்பட்டிருந்தது. கமிஷனார் அந்த 222 பேருடைய வரலாற்றையும் ஒவ்வொன்றாகத் துருவி விசாரித்தபோது, கஞ்சா ஒரு காரணமாயிருக்கலாம் என்று நியாயமாகச் சொல்லக்கூடியவை 98-ஆகக் குறைந்துவிட்டன. அந்த 98-இலும் கஞ்சா ஒன்றே காரணம் என்று கூறத்தக்கவை 61 மாத்திரமே.

மற்றவை எவ்வாறு பதிவேட்டில் ஏறின? தெருவில் அலையும் அந்நியன் ஒருவனைப் போலீஸார் பிடித்து மாஜிஸ்டிரேட்டிடம் கொண்டுவருவர். அவனோடு அனுப்பவேண்டிய படிவத்தில் "நோயின் காரணம்" என்று ஒரு கலம் உண்டு. ஊரும் பேரும் தெரியாத ஒருவனுடைய நோய்க்குக் காரணம் யாருக்குத் தெரியும்? கலத்தை வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வரும். ஆகவே கைக்கு எளிதாக அகப்பட்ட "கஞ்சா" என்ற சொல்லை எழுதி அனுப்பினர். ஆஸ்பத்திரி குமாஸ்தா அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார். பதிவேட்டிலிருந்து அது வருஷாந்தரக் கணக்குக்குச் சென்றது. வருஷாந்தரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடல் கடந்த நாட்டில் பெரியோர்கள் பிரசங்கம் செய்தனர். ஒரு கான்ஸ்டேபிளின் ஊகம் நான்கு கை மாறியதும் சாஸ்திர உண்மையாகிவிட்டது.

மிதமாக உபயோகிப்பவருக்குப் பெரும்பாலும் கெடுதி காணப்படவில்லை என்றும், அளவுக்கு மிஞ்சி உபயோகிப்பவருக்குத் தேகமும் புத்தியும் கெடுகின்றன என்றும் கமிஷனார் முடிவு செய்தனர். அறவே தடுத்தலைவிட வரியும் லைசென்ஸும் வைத்து அடக்கி ஆள்வதே நலமென்பது அவர்கள் கொள்கை. இம்முடிவின் முற்பாதியை மாத்திரம் எடுத்துச் சொல்வோர் இன்றும் பலர். ஆனால் மிதமான உபயோகமும் பிறவியிலேயே மூளையும் நரம்பும் பலவீனமாக அமைந்தவர்களுக்குத் தீங்கு செய்யலாம் என்று கமிஷனார் விலக்கு ஒன்று வைத்திருந்தனர். அவ்விலக்கின் முக்கியம் வெகுகாலத்திற்குப் பின்னரே விளங்கிற்று. மேலும் அவர்கள் கேட்டது சாட்சிகளின் அபிப்பிராயத்தையே. ஒரே கூட்டத்தாரைப் பாலியத்திலிருந்து நடுவயது வரையில் விடாமல் தொடர்ந்து பார்க்கும் முறை அந்நாளில் இல்லை. பதினாறு வயதில் தொடங்குபவனுக்கும் முப்பது வயதில் தொடங்குபவனுக்கும் உள்ள வேற்றுமையை அவ்வித ஆராய்ச்சியன்றி அறிய முடியாது.

செடியும் சரக்கும்

கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடியின் பூங்கொத்துக்களில் ஊறும் பிசினே மயக்கத்திற்குக் காரணம். ஆண் செடியின் மகரந்தம் பட்டுவிட்டால் பெண் செடி விதை பிடித்துப் பிசின் குறையும்; ஆதலால் ஆண் செடிகளைத் தேடிப் பிடுங்கி எறிவது பயிரிடுவோர் வழக்கம். பூங்கொத்தை உலர்த்தியது கஞ்சா. பிசினை மட்டும் திரட்டியது சரஸ். இலையை அரைத்து வடநாட்டார் பானமாகக் குடிப்பது பாங்கு. இப்பொழுது அமுலில் உள்ள 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் முதலிரண்டையும் தடுக்கிறது. தனி இலை அச்சட்டத்தின் விளக்கத்திற்குள் வரவில்லை.

பிசினிலுள்ள பல சத்துக்களுள் போதை தருவது டி.எச்.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது. 1964-இல் இஸ்ரேல் நாட்டு ரசாயன சாஸ்திரிகளான மெக்கோலமும் காவோனியும் அதைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டனர். மூளையில் அது பற்றிக்கொள்ளும் இடங்கள் 1988-இல் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு செடியின் சத்துக்கென்று மனித மூளையில் பூட்டும் துளையும் ஏன் அமைந்திருக்கவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. 1992-இல் விடை கிடைத்தது: உடலே அதைப் போன்ற பொருளொன்றை மிகச் சிறிய அளவில் உண்டாக்கிக்கொள்கிறது. அதற்கு இட்ட பெயர் ஆனந்தமைடு. "ஆனந்தம்" என்ற சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்தது. பசி, நினைவு, உறக்கம், அச்சம் ஆகியவற்றை அளவில் நிறுத்தி வைப்பது அதன் வேலைகளுள் சேர்ந்தது. கஞ்சாப் புகை உட்புகும்போது, மடையில் சொட்டுச் சொட்டாக விடவேண்டிய நீரை ஏரிக்கரையை உடைத்து விட்டாற்போல் ஆகிறது. தினந்தோறும் இவ்வாறு நேர்ந்தால் மூளை அத்துளைகளின் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும். பழகியவனுக்கு முன் அளவு போதாமற் போவதும், புகை இல்லாத நாளில் சாதாரண சந்தோஷமும் சுவைக்காமற் போவதும் இதனால்தான். நான்கு வாரம் விட்டிருப்பவர்களிடத்தில் துளைகள் ஏறக்குறையப் பழைய எண்ணிக்கைக்குத் திரும்புவது பரிசோதனைகளில் காணப்பட்டிருக்கிறது.

அந்த முப்பது வருஷச் சிலும்பிக்காரருடைய உதாரணம் இக்காலத்து இளைஞனுக்குப் பொருந்தாமற் போவதற்கு மற்றொரு முகாந்தரமும் உண்டு. சரக்கு மாறிவிட்டது. அமெரிக்காவில் போலீஸார் கைப்பற்றிய சரக்கை வருஷந்தோறும் சோதித்ததில், 1995-இல் நூற்றுக்கு 4 பங்காயிருந்த போதைச் சத்து 2014-இல் 12 பங்காக உயர்ந்திருந்தது. மலைச்சரிவில் விளைந்த பழைய நாட்டுச் சரக்கும், பொறுக்கிய விதையிலிருந்து விசேஷமாக வளர்த்து இரகசியமாகக் கடத்திவரும் புதுச் சரக்கும் பெயரளவில்தான் ஒன்று. பொட்டலத்தில் இருப்பது எதுவென்பது வாங்குபவனுக்கும் தெரியாது. பெரும்பாலும் விற்பவனுக்கும் தெரியாது.

தேகத்தில்

சாராயத்தைப் போல அளவு மிஞ்சியவுடன் மூச்சு நின்று சாகும்படி கஞ்சா செய்வதில்லை. மூச்சை ஆளும் மூளைப்பகுதியில் அதற்குரிய துளைகள் மிகச் சிலவே. அதனால்தான் "ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு நிலைபெற்றது. அதன் வேலை மெல்ல நடப்பது.

புகையாக இழுப்பவருக்கு நெஞ்சில் சளி கட்டுதல், ஓயாத இருமல், அடிக்கடி மார்ச்சளி நோய் ஆகியவை ஏற்படும். இந்நாட்டில் கஞ்சாவைப் புகையிலையோடு கலந்து பிடிப்பதே வழக்கமாதலின், புகையிலையின் தீமை முழுவதும் கூடவே வந்து சேருகிறது. கஞ்சாவை விட்டபின்னும் பீடியை விட முடியாமல் தவிப்போர் பலர். புகைத்தவுடன் நாடி வேகமாக ஓடுமாகையால், மார்வலியுள்ள வயதினருக்கு அது அபாயம். கர்ப்பிணிகள் உபயோகித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும். புகைத்த சில மணி நேரத்திற்குள் வண்டி ஓட்டுவதும் நெல் அறைக்கும் யந்திரத்தண்டை நிற்பதும் கூடாது. தூரத்தையும் வேகத்தையும் மதிப்பிடும் புத்தி அப்பொழுது மந்தமாயிருக்கும், ஆனால் மந்தமாயிருப்பது அவனுக்குத் தெரியாது.

வெகுகாலம் தினமும் புகைத்தவர் சிலருக்கு வரும் விசித்திரமான வியாதி ஒன்று தனியே சொல்லத்தக்கது. விடியற்காலையில் குமட்டல், பிறகு நாள் முழுதும் ஓயாத வாந்தி, வயிற்றுவலி. வெந்நீரில் குளிக்கும்போது மாத்திரம் ஆறுதல் உண்டாகும். ஆகவே நோயாளி திரும்பத் திரும்பக் குளித்துக்கொண்டே இருப்பான். 2004-இல் ஆஸ்திரேலிய வைத்தியர்கள் இதைக் கஞ்சாவோடு சம்பந்தப்படுத்தி எழுதும் வரையில் காரணம் தெரியாமலே இருந்தது. குடல் நோய் என்றும் செய்வினை என்றும் எண்ணிப் பணத்தை இறைக்கும் குடும்பங்கள் இக்குறியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. புகையை அறவே விட்டால் நாளடைவில் அது நின்றுவிடும்; வேறு மருந்தினால் நிலையான குணம் கிடைப்பதில்லை.

மனத்தில்

இனி முக்கியமான பகுதி. ஸ்வீடன் தேசத்தில் 1969, 1970-ஆம் வருஷங்களில் பட்டாளத்திற்கு எடுக்கப்பட்ட வாலிபர்கள் 45,570 பேரிடம், கஞ்சா உபயோகித்ததுண்டா, எத்தனை முறை என்று கேட்டு எழுதி வைத்தனர். பதினைந்து வருஷங்களுக்குப் பின் ஆஸ்பத்திரிக் கணக்கோடு ஒத்துப் பார்த்து 1987-இல் முடிவை வெளியிட்டனர். ஐம்பது முறைக்கு மேல் உபயோகித்ததாகச் சொன்னவர்களிடையே மனச்சிதைவு நோய், உபயோகியாதவர்களிடையே காணப்பட்டதைப்போல் ஆறு மடங்கு காணப்பட்டது. குடும்ப நிலை, முன்பே இருந்த மனக்கோளாறு முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபோது அவ்விகிதம் பெரிதும் குறைந்தது. ஆனால் அறவே மறையவில்லை. பிற்காலத்தில் ஐரோப்பாவின் பல நகரங்களில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், தினந்தோறும் உபயோகிப்பவருக்கே, அதிலும் சத்து மிகுந்த சரக்கை உபயோகிப்பவருக்கே, அபாயம் மிகுதி என்று கண்டனர்.

இந்த "மடங்கு" என்ற சொல் அங்கத்தினர்களை மருட்டிவிடக் கூடாது. மனச்சிதைவு நோய் சாதாரணமாக நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருவது. அது சில மடங்கு உயர்ந்தாலும், கஞ்சா உபயோகித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்நோய் வருவதில்லை. முப்பது வருஷச் சிலும்பிக்காரர் இப்பெரும்பாலோருள் ஒருவர், அவ்வளவே. ஆனால் பாட்டன், தாய், மாமன் ஆகிய நெருங்கிய உறவினரில் ஒருவருக்குச் சித்தபிரமை இருந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இக்கணக்கு வேறு. அவன் பிறக்கும்போதே ஓரளவு அபாயத்தோடு பிறந்தவன். அதன்மேல் கஞ்சாவையும் ஏற்றுவது, மண் சுவரில் விரிசல் கண்ட பக்கமாகவே வாய்க்காலைத் திருப்பி விடுவதற்கு ஒப்பாகும். 1894-ஆம் வருஷத்துக் கமிஷனார் வைத்த விலக்கு இவனுக்காக வைத்ததே. இத்தகைய குடும்பங்கள் எவை என்பது ஒவ்வொரு ஊரிலும் எல்லோருக்கும் தெரியும். அதை வெளியில் பேசாமல் வீட்டுக்குள் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லவேண்டியவர்கள் பெற்றோரே.

வயது இரண்டாவது விஷயம். மனிதனுடைய மூளை இருபத்தைந்து வயதையொட்டித்தான் முதிர்ச்சி அடைகிறது. நியூஜீலந்தில் டனீடன் என்னும் நகரத்தில் 1972, 1973-இல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். பதின்மூன்றாம் வயதிலும் முப்பத்தெட்டாம் வயதிலும் அவர்களுடைய அறிவுத்திறனைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட முடிவு யாதெனில், பள்ளிப் பருவத்தில் கஞ்சாவைப் பிடித்து விடாமல் தொடர்ந்தவர்கள் எட்டுப் புள்ளி வரையில் இழந்திருந்தனர் என்பதாம். வயது வந்தபின் தொடங்கியவர்களுக்கு அவ்வித இழப்புக் காணப்படவில்லை. இம்முடிவைச் சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. 2016-இல் இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டுச் செய்த ஆராய்ச்சியில், கஞ்சா உபயோகித்தவனுக்கும் உபயோகிக்காத உடன்பிறந்தவனுக்கும் அறிவுத்திறனில் வேற்றுமை தெரியவில்லை. ஆதலால் இழப்பு கஞ்சாவினாலன்று, அக்குடும்பச் சூழ்நிலையினால் என்பது அவர்கள் வாதம். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. புகைக்கும் காலத்தில் ஞாபகசக்தியும் கவனமும் குறைவதைப் பற்றி மாத்திரம் இரு கட்சியாருக்கும் பேதமில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையை எழுதவிருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு வருஷ மந்தமே போதும். முப்பத்தெட்டாம் வயதில் புள்ளிகள் திரும்பி வந்தாலும் பரீட்சை திரும்பி வராது.

பழக்கத்துக்கு அடிமையாதலும் இவ்வாறே வயதைப் பொறுத்தது. அமெரிக்கக் கணக்குப்படி, ஒரு தரமேனும் உபயோகித்தவர்களுள் சுமார் நூற்றுக்கு 9 பேர் பிற்பாடு விட முடியாத நிலையை அடைகின்றனர். பதின்பருவத்திலேயே தொடங்கியவர்களில் சுமார் ஆறில் ஒருவர். கள்ளையும் புகையிலையையும் நோக்க இது குறைவேயாயினும், இல்லை என்று சொல்லத்தக்கதன்று. டில்லியிலுள்ள அகில இந்திய வைத்திய ஸ்தாபனத்தார் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கில், அதற்கு முந்திய ஒரு வருஷத்திற்குள் பாங்கு, கஞ்சா, சரஸ் இவற்றுள் ஒன்றையேனும் உபயோகித்தவர்கள் இந்தியாவில் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர். இவர்களுள் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் நிலையிலிருந்தவர்கள் சுமார் 72 லட்சம்.

குடும்பக் கணக்கும் சங்கக் கணக்கும்

கஞ்சாவினால் வாழ்ந்த கூட்டுறவுச் சங்கம் ஒன்று உண்டு என்பது அங்கத்தினர்களுக்கு வியப்பாயிருக்கலாம். வங்காளத்தில் ராஜசாஹி ஜில்லாவைச் சேர்ந்திருந்த நௌகாவ் பிரதேசம் அந்நாளில் சர்க்கார் லைசென்ஸின்கீழ் கஞ்சா பயிராகும் இடம். இடைத்தரகர்களால் வருந்திய பயிரிடுவோர் 1917-இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தனர். சங்கம் செழித்தது, அதன் லாபத்திலிருந்து பள்ளிக்கூடங்களும் தரும வைத்தியசாலைகளும் பாதைகளும் ஏற்பட்டன. அப்பிரதேசம் பின்னர் வங்காளதேசத்தைச் சேர்ந்தது. 1987-இல் அங்குப் பயிர் நிறுத்தப்பட்டது. நிர்வாகத்தில் அச்சங்கத்தாரைக் குறைகூற இடமில்லை. ஆனால் அவர்களுடைய பேரேட்டில் வரவு மாத்திரமே எழுதப்பட்டது. அச்சரக்கு லைசென்ஸ் கடைகள் வழியாகத் தொலைதூர ஊர்களுக்குச் சென்று அங்கே வீடுவீடாக ஏற்படுத்திய செலவு எந்தச் சங்கத்தின் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

அச்செலவை ஓர் உதாரணத்தால் கணக்கிடலாம். ஒரு கூலிக்காரர் நாளொன்றுக்கு 100 ரூபாயைப் பொட்டலத்துக்குக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 36,500 ரூபாய் ஆகிறது. மாதத்தில் நான்கு நாள் எழுந்திருக்க மனமின்றி வேலைக்குப் போகாவிட்டால், நாட்கூலி 500 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 24,000 ரூபாய் நஷ்டம். இரண்டும் சேர்ந்து 60,500. இது பிடிபடாதவருடைய கணக்கு. பிடிபட்டால், ஒரு கிலோவுக்குட்பட்ட சிறு அளவு வைத்திருந்ததற்கே ஒரு வருஷம் வரையில் கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வேலிக்குள் நாலு செடி வளர்ப்பதை விளையாட்டாக நினைப்பவர்கள், பயிரிட்ட குற்றத்திற்குப் பத்து வருஷம் வரையில் தண்டனை உண்டென்பதை அறியவேண்டும். வக்கீல் செலவும் ஜாமீன் செலவும் நிலத்தின்மேல் ஏறும்.

சங்கத்தில் இது முதலில் தென்படுவது நகைக்கடன் கணக்கில். மனைவியின் தோடு வைக்கப்படுகிறது, அறுவடையில் மீட்கப்படுகிறது, ஒரு மாதத்துக்குள் திரும்ப வைக்கப்படுகிறது. அடுத்த தடவை மீட்பதில்லை. வட்டி மாத்திரம் கட்டிப் புதுப்பிக்கப்படுகிறது. மூன்றாம் தடவை மூக்குத்தியும் வருகிறது. பயிர்க்கடனுக்கு உரம் வாங்கிய ரசீது வருவதில்லை. ஜாமீன்தாரர் கூட்டத்தில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முன்னெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து வரவு செலவைப் பற்றிக் கேள்வி கேட்டவர் மகாசபைக்கே வராமற்போகிறார்.

எனினும் காரியதரிசி இவ்விடத்தில் மிகுந்த நிதானத்தோடு நடக்கவேண்டும். மழை பொய்த்தாலும், வீட்டில் நெடுநாள் நோய் இருந்தாலும், மகளுக்குக் கலியாணம் செய்தாலும் இதே குறிகள் தோன்றும். கள்ளினாலும் தோன்றும், இந்நாட்டில் கஞ்சாவைவிடச் சாராயத்தால் கெட்ட குடும்பங்களே பெருந்தொகையின. பேரேட்டில் "குறிப்பு" என்றொரு கலம் இருக்கிறது. விசாரியாமல் அதில் ஒரு சொல்லை எழுதிவிட்டால், அது மறு வருஷத்துக் காரியதரிசிக்கும், தணிக்கை செய்பவருக்கும், கடைசியில் ஊருக்கும் உண்மையாகிவிடும். ஊர் அவ்வாறு முத்திரையிட்ட வாலிபனுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை, பெண் கொடுப்பதில்லை, மிகுந்த பொழுதை அவன் கழிக்கக்கூடிய இடம் பொட்டலம் விற்கும் இடம் ஒன்றுதான்.

விடும் வழி

கேட்கவேண்டியது தனிமையில், கேட்கவேண்டியவர் அவன் மரியாதை வைத்திருக்கும் ஒருவர். தகப்பனாரோடு பேச்சு நின்றுபோயிருக்கும் பிள்ளையும் தாய்மாமன் கூப்பிட்டால் வருவான். "ஏன் கெட்டுப்போகிறாய்?" என்று தொடங்கினால் பதில் வராது. எப்பொழுது தொடங்கியது, நாளைக்கு எத்தனை தடவை, இல்லாத நாளில் எப்படி இருக்கிறது, காதில் குரல் கேட்கிறதா, யாராவது தன்னைத் தொடர்வதாகத் தோன்றுகிறதா என்று கேட்கலாம். கடைசி இரண்டுக்கும் ஆம் என்று சொல்வானாகில், அது புத்திமதிக்கு அடங்கும் விஷயமன்று; தாமதமின்றி ஜில்லா தலைமை ஆஸ்பத்திரியில் மனநோய் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். கோயிலில் சங்கிலியிட்டு வைப்பதும், கட்டிவைத்து அடிப்பதும் குற்றம் மாத்திரமன்று. குணமாகக்கூடிய முதல் மாதங்களை வீணாக்குவதுமாகும்.

போலீஸுக்குப் பயந்து வைத்தியரிடம் போகாதவர் பலர். தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு, உபயோகித்த குற்றத்திற்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்திற்கும் வழக்கினின்று விலக்களிக்கும் பிரிவு 1985-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. சிகிச்சையை நடுவில் விடாமலிருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. போதைப் பழக்கத்தினின்று விடுபட விரும்புவோர் 14446 என்ற எண்ணிலும், மனநலத்தைப் பற்றிக் கேட்க விரும்புவோர் 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

விட்ட முதல் வாரமே கடினமானது. இரண்டாம் நாளிலிருந்து எரிச்சலும் கோபமும் எழும், சோறு இறங்காது, உறக்கம் வராது, வந்தாலும் பயங்கரமான கனவுகள் உண்டாகும். இவை உயிருக்கு அபாயமானவையல்ல. இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிடும். இது தெரியாத வீட்டார், "விட்டபின் தான் இவன் கெட்டுப்போனான்" என்று அஞ்சித் தாங்களே பணம் கொடுத்து அனுப்புவதும் உண்டு. இதற்கென்று நிச்சயமான மருந்து எதுவும் இன்னும் ஏற்படவில்லை. வைத்தியரோடு வாராவாரம் உட்கார்ந்து பேசும் முறையே இதுவரையில் பயன் தந்திருக்கிறது. பழைய கூட்டாளிகள் கூடும் பொழுது எதுவோ அப்பொழுதில் அவனுக்கு வேறு வேலை இருக்கவேண்டும். மாலை ஐந்து மணி அப்பொழுதானால், பால் சங்கத்தில் மாலைப் பாலை அளந்து எழுதும் வேலைக்கு அவனை வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று வாரமும் கடன் தவணையைப் பற்றி அவனிடம் பேச்செடுக்காமல், ஜாமீன்தாரரையும் தகப்பனாரையும் அழைத்துப் புதிய தவணை எழுதிக்கொள்வது காரியதரிசியால் ஆகக்கூடிய உதவி. ஒரு மாதம் கழித்து ஞாபகமும் கவனமும் ஏறக்குறையத் திரும்பியிருக்கும். அளந்து எழுதிய பாலின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.